சாலிகிராமத்து மாடி ரூம்

எண்பதுகளில் நீங்களும் வடபழனி, சாலிகிராமம் பக்கம் குடியிருந்தவர் என்றால் அந்தச் சத்தம் உங்கள் காதிலும் இருக்கும். காலையில் முருகன் கோயில் மணியும், பால் பூத்தில் கிரேட் இறக்கும் சத்தமும் அடங்கிய பிறகு, ஏதோ ஒரு மாடியிலிருந்து டப்டப், டப்டப் என்று மெத்தென்று ஒரு தட்டல் கிளம்பும். தலையணையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பையன் ரோல் பழகிக்கொண்டிருப்பான். முதலில் நிதானமாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டி, கை தடுமாறியதும் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. எங்கள் தெருவில் யாரும் அதைச் சத்தம் என்று சொன்னதில்லை. கேட்கவில்லை என்றால்தான், "என்ன, இன்னிக்குப் பையன் எழுந்திருக்கலையா?" என்று விசாரிப்பார்கள்.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு ரூம் இருந்தது. அப்பாவின் சம்பளம் போதாமல் அம்மா அதை வாடகைக்கு விட்டாள். வந்தவர்கள் எல்லாரும் வாத்தியக்காரர்கள், அதிலும் பெரும்பாலும் டிரம்ஸ் வாசிக்கிறவர்கள். ஒருவன் காலி செய்யும்போது தன் சிநேகிதனைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான். நாகர்கோவிலிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் சர்ச்சில் வாசித்துப் பழகியவர்கள் வந்தார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாண பேண்டு செட்டில் சைடு டிரம் அடித்தவர்கள் வந்தார்கள். மண்ணெண்ணெய் ஸ்டவ், ஈரத் துண்டு, ரெக்ஸின் பை, வேர்வை, கைக்குப் போடுகிற பவுடர் எல்லாம் கலந்து அந்த ரூமுக்கென்று ஒரு வாசனை உண்டு. கூடவே மரத்தூள் வாசனை. வெளிநாட்டு ஸ்டிக் வாங்கக் காசு ஏது? கடைசல் பட்டறையில் கடைந்து வாங்கிய ஸ்டிக்குகள்தான். நாலு கச்சேரிக்குள் நுனி பிளந்துவிடும். பிளந்ததைச் சீவிச் சீவி உட்கார்ந்திருப்பார்கள். அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: ரூமில் செட்டை மாட்டி அடிக்கக் கூடாது. அதனால் டிரம்மர்களாக நிறைந்திருந்த அந்த ரூமில் ஒருநாளும் டிரம்ஸ் ஒலித்ததில்லை. தலையணை, பழைய டயர், அடுக்கிவைத்த வாராந்தரிகள், இவற்றில்தான் எல்லாப் பழக்கமும்.

ஏன் இந்த இடம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. காலார நடந்தால் ஏவிஎம், விஜயா வாஹினி, பிரசாத், அருணாசலம், பரணி. ஆற்காடு ரோட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஸ்டூடியோ கேட். இளையராஜாவின் ரெக்கார்டிங் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்துவிடும் என்பது அந்த வட்டாரத்தில் கடிகாரம் மாதிரி. வயலின் பெட்டியோடு நடக்கிறவர்கள், தபலாவைத் துணியில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டியவர்கள், செல்லோவை ஆட்டோவில் ஏற்றத் தடுமாறுகிறவர்கள் என்று ஒரு ஊர்வலமே போகும். மாடி ரூம் பையன்களும் குளித்து, விபூதியோ சிலுவையோ இட்டுக்கொண்டு, பின் பாக்கெட்டில் இரண்டு ஸ்டிக்கைச் செருகிக்கொண்டு அந்த ஊர்வலத்தோடு நடப்பார்கள். ஆனால் கேட்டுக்குள் போவதற்கல்ல. எதிர்ப்புற டீக்கடைக்கு.

அந்த டீக்கடை பெஞ்சை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு என்னவோ செய்கிறது. யாராவது வராமல் போகலாம், யாருக்காவது காய்ச்சலாக இருக்கலாம், இசையமைப்பாளர் திடீரென்று இன்னொரு ரிதம் கேட்கலாம். அப்போது மேனேஜர் வெளியே வந்து பெஞ்சைப் பார்ப்பார். "தம்பி, ஸ்டிக் வெச்சிருக்கியா?" "இருக்குண்ணே." அந்தப் பதிலுக்காகத்தான் மாசக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிட்டால் முக்கால்வாசி நேரம் டாம்பரினோ மராக்காஸோ கொடுத்து ஓரத்தில் நிறுத்துவார்கள். டிரம்ஸ் கண்ணாடி போட்ட கேபினுக்குள் இருக்கும். அதில் உட்கார அந்த ஊரில் மிகச் சிலருக்கே கொடுத்துவைத்திருந்தது. எம்.எஸ்.விஸ்வநாதன் காலத்தில் நோயல் கிராண்ட். அப்புறம் இளையராஜாவிடம் புருஷோத்தமன். 2020-ல் புருஷோத்தமன் காலமான சேதி வந்தபோது, எங்கள் மாடியில் இருந்த பையன்கள் அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வது ஞாபகம் வந்தது. பாட்டுக்காரரோடு சேர்ந்து ஐம்பது அறுபது பேர் ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்த காலம் அது. டிரம்ஸில் ஒரு அடி தப்பினால் அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அப்படியொரு நாற்காலியில் புதுப் பையனை உட்காரவைக்க எந்த இசையமைப்பாளருக்குத் துணிச்சல் வரும்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்தால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் உள்ளே என்கிற அந்தப் பூட்டைத் திறக்க முடியாமல் எத்தனை இளமை அந்த பெஞ்சில் கரைந்தது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பையன்கள் எல்லாருக்கும் வாயில் ஒரே பெயர், சிவமணி. அவருடைய அப்பா எஸ்.எம்.ஆனந்தனும் டிரம்மர்தான். சிவமணி சின்ன வயசிலேயே வாசிக்க வந்துவிட்டவர். நோயல் கிராண்ட்டையும் அமெரிக்காவின் பில்லி கோபமையும் தனக்கு முன்மாதிரி என்று சொல்கிறவர். இங்கிருந்து கிளம்பி உலக மேடைகளுக்குப் போனார். அவர் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ரூம் சுவரில் சோற்றுப்பருக்கை தேய்த்து ஒட்டியிருந்தார்கள். அந்தச் சுவருக்குக் கீழே பாய் விரித்தவர்களின் பெயர் எதுவும் உங்களுக்குத் தெரியாது.

அவர்களில் ராயபுரத்து அண்ணன் ஒருவர். நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். சின்ன வயசில் சாவு வீடுகளில் சட்டி மேளம் அடித்தவர். அந்தக் கையின் சுத்தம் வேறு யாருக்கும் வராது என்று மற்றவர்களே சொல்வார்கள். சமையல்கட்டில் அம்மா தேங்காய் உடைக்கிற சத்தத்துக்கு மேலே நின்றபடி சுவரில் இரண்டு விரலால் பதில் சொல்வார், அம்மா சிரித்துவிடுவாள். ஆனால் அவர் எங்கே கற்றுக்கொண்டார் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அதற்கான காரணம் புரியும் வயசு எனக்கு அப்போது இல்லை. சாவு மேளம் அடித்த கை என்று தெரிந்தால் முகம் மாறுகிறவர்கள் அந்த உலகத்திலும் இருந்தார்கள். அவருக்கு இன்னொரு கஷ்டம், நோட்ஸ் படிக்கத் தெரியாது. இளையராஜா மேற்கத்திய முறையில் எழுதிக் கொடுப்பதை அந்த நிமிஷமே பார்த்து வாசிக்க வேண்டும். நாகர்கோவில் பையன் ஒருவன் மியூசி மியூசிக்கல் வழியாக டிரினிட்டி காலேஜ் கிரேடு பரீட்சை எழுதியவன். மவுண்ட் ரோட்டில் 1842-லிருந்து இருக்கிற கடை அது. அவன் என்னுடைய பழைய சிலேட்டை வாங்கி, ஐந்து கோடு கிழித்து, ராத்திரி ராத்திரியாக அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தான். தன்னைவிடப் பத்து வயசு மூத்தவர் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்க அவனுக்கே கூச்சமாக இருக்கும். "நீ வாத்தியார்டா, சும்மா சொல்லு" என்பார்.

உள்ளே போய் வாசிக்க யூனியன் கார்டு வேண்டும். எம்.பி.சீனிவாசன் போன்றவர்கள் முன்னால் நின்று கட்டிய சங்கம் அது. வாத்தியக்காரனுக்கு நேரம், கூலி, மரியாதை என்று ஒரு வரம்பு வந்ததே அந்தச் சங்கத்தால்தான். ஆனால் கார்டுக்குக் கட்டும் பணத்தைச் சேர்க்க வெளியே கச்சேரி வாசிக்க வேண்டும். கச்சேரிப் பணம் எங்கே நிற்கிறது? ஸ்னேரின் தோல் கிழிந்தால் ஒரு ராத்திரிப் பேமெண்டைவிட அதிகம் செலவு. சிம்பலில் விரிசல் விட்டால் அந்த சீசனே போச்சு. பாடுகிறவருக்குத் தொண்டை கட்டினால் பனங்கல்கண்டு போதும். டிரம்மருக்கு வாத்தியம் வாங்கவே ஒருவர் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போயிருக்கும். அநேகமாக அது அம்மாவுடையது, இல்லை அக்காவுடையது. அதை மீட்கிற கதைதான் ஊரிலிருந்து வருகிற எல்லாக் கடிதத்திலும் இருக்கும். படித்துவிட்டுத் தலையணையைக் கொஞ்சம் கூடுதல் பலத்தோடு அடிப்பார்கள்.

ஊருக்கெல்லாம் ஆறு பருவம் என்றால் மாடி ரூமுக்கு வேறு பருவக் கணக்கு. ஆடி பிறந்தால் கல்யாணம் கிடையாது, ஆனால் அம்மன் கோயில் தோறும் கூழ் ஊற்றி மெல்லிசைக் கச்சேரி வைப்பார்கள். வேப்பிலைத் தோரணம், ட்யூப் லைட், மண்ணும் மழையும் கலந்த வாடை. ஆடி முழுக்க ரூம் காலியாகக் கிடக்கும். ஆவணியில் ரிசப்ஷன்கள். புரட்டாசி வந்ததும் எல்லாரும் திரும்பி வந்து ஒரே சமயத்தில் பசியோடு இருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நனைகிற ரிசப்ஷன்கள். மழையில் வேனிலிருந்து இறக்கும்போது தன் சட்டையைக் கழற்றி சிம்பல் பை மேல் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மார்கழியில் சபாக்களில் ஊரே சங்கீதமாக இருக்கும்; இவர்களுக்கு அதில் இடமில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனை, டிசம்பர் 31 ராத்திரி ஏதாவது ஹோட்டல், அவ்வளவுதான். தை பிறந்தால்தான் அடுப்பு ஒழுங்காக எரியும். புரட்டாசியில் அம்மா சாம்பாரைக் கொஞ்சம் தண்ணியாக வைத்து அளவைக் கூட்டிவிடுவாள். யாரும் சொல்லிக்கொள்ளாமலே நடந்த ஏற்பாடு அது. வாடகையும் அந்த மாசம் யாரும் கேட்கமாட்டார்கள், தையில் கணக்கு நேராகும்.

கச்சேரிக்கு முதலில் போய்ச் சேருகிறவன் டிரம்மர், கடைசியில் வீடு திரும்புகிறவனும் அவன்தான். மற்றவர்கள் ஆறு மணிக்கு வந்தால் இவன் நாலு மணிக்கே பாயை விரித்து, ஸ்டாண்டுகளைப் பூட்டி, பேஸ் டிரம்முக்குள் பழைய போர்வையைத் திணித்து, ஸ்னேர் மேல் கர்ச்சீப்பை மடித்து ஒட்டி, தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். கச்சேரி முடிந்து பாடகர்கள் கும்பிடு போட்டுக் காரில் ஏறிய பிறகு, ஒவ்வொரு திருகாகக் கழற்றி மூட்டை கட்ட வேண்டும். அதற்குள் பந்தி முடிந்திருக்கும். சமையல்காரர் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டே, "ரசம்தான் இருக்கு தம்பி, சாதம் கொஞ்சம் ஆறிப்போச்சு" என்பார். மண்டபத்துக்காரர்கள் ஃபேனை நிறுத்திவிட்டிருப்பார்கள். பேசின பணமும் அப்படித்தான். பாட்டுக்கு, கீபோர்டுக்கு என்று பிரித்து வரும்போது ரிதம் ஆட்களிடம், "மீதியை அடுத்த கச்சேரியில பாத்துக்கலாம்" என்று சொல்லி வேனை எடுக்கச் சொல்வார் குழுக்காரர். அடுத்த கச்சேரியில் பழைய பாக்கியை ஞாபகப்படுத்தினால் அதற்கடுத்த கச்சேரிக்கு வேறு டிரம்மர் வருவான். அந்த பெஞ்சில்தான் எத்தனையோ பேர் காத்திருந்தார்களே!

பிறகு மெஷின் வந்தது. 1980-லேயே ஜப்பானில் ரோலண்ட் கம்பெனி டிரம் மெஷின் செய்துவிட்டதாம், எங்கள் தெருவுக்கு அது வெறும் வதந்தி. 1985-ல் அதே கம்பெனியின் ஆக்டோபேட் வந்தது. நாலு நாலாக எட்டு ரப்பர் கட்டம், ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். 1986-ல் 'புன்னகை மன்னன்' பார்த்துவிட்டு வந்தார்கள் மாடிப் பையன்கள். கம்ப்யூட்டரில் அடித்த ரிதம் என்று ஊரெல்லாம் பேச்சு. வழக்கமாகப் படம் பார்த்துவிட்டு வந்தால் ஒவ்வொரு பாட்டின் அடியையும் தரையில் தட்டிக் காட்டுவார்கள். அன்றைக்கு யாரும் தட்டவில்லை. நாகர்கோவில் பையன் மட்டும், "ஒரு எடத்துல கூட வேகம் ஏறல, கொறையல" என்றான். அவன் குரலில் இருந்தது வியப்பா பயமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. 1992-ல் 'ரோஜா'. கோடம்பாக்கத்தில் வீட்டோடு கட்டிய ஒரு சின்ன ஸ்டூடியோவிலிருந்து வந்த இசை. ஏ.ஆர்.ரஹ்மான் வாத்தியக்காரர்களை ஒதுக்கியவர் இல்லை, கேசட் அட்டையில் அவர்களுடைய பெயரை அச்சடித்தவர். ஆனால் அந்த வழியைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களில் பலருக்கு ஒரு கீபோர்டும் கம்ப்யூட்டரும் போதுமானதாக இருந்தது. ஐம்பது பேர் நடந்த காலை ஊர்வலம் இருபதாகி, பத்தாகி, ஒருநாள் டீக்கடைக்காரர் பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டார்.

கச்சேரி உலகத்திலும் அதேதான். டிரம்ஸ், தபலா, டோலக், காங்கோ எல்லாவற்றையும் பேடிலேயே ஒரே ஆள் வாசித்துவிடலாம் என்றால் எந்தக் குழுக்காரர் நாலு பேருக்குச் சோறு போடுவார்? வேனில் இடமும் மிச்சம். போதாததற்கு, 2000-ல் ஒலி மாசு விதிகள் வந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்றானது. நியாயமான விதிதான், வயசானவர்களும் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிற ஊர். ஆனால் விடிய விடிய நடந்த ஆடிக் கச்சேரிகள் இரண்டரை மணி நேரமாகச் சுருங்கின. ராத்திரி ஒரு மணிக்கு மேல், கூட்டம் கலைந்து சொச்சம் பேர் மட்டும் தரையில் உட்கார்ந்திருக்கும்போது, பாடகர் தண்ணீர் குடிக்கப் போகிற இடைவெளியில் டிரம்மருக்கென்று பத்து நிமிஷம் விடுவார்களே, அந்தத் தனி வாசிப்பு முதலில் போனது.

நாகர்கோவில் பையன் ஊருக்குத் திரும்பி ஒரு பள்ளிக்கூடத்தில் பேண்டு மாஸ்டர் ஆனான். சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் அவனுக்கு வேலை. மதுரைக்காரர்களில் ஒருவர் மளிகைக்கடை வைத்தார். ராயபுரத்து அண்ணன்தான் கடைசிவரை ஊரை விடவில்லை. செட்டை ஒவ்வொன்றாக விற்றார்: முதலில் சிம்பல், பிறகு டாம், கடைசியில் ஸ்னேர். அப்புறம் ஒரு மெல்லிசைக் குழுவுக்கு வேன் ஓட்டினார். மற்றவர்களுடைய பேடையும் கீபோர்டையும் ஏற்றி இறக்கினார். இத்தனை வருஷம் சத்தத்துக்குப் பக்கத்திலேயே இருந்ததில் காது மந்தமாகிவிட்டது. பேசும்போது நம் உதட்டையே பார்ப்பார்.

ஒரே ஒரு பாட்டில் அவர் வாசித்திருக்கிறார். சரணத்துக்கு முன்னால் வருகிற சின்ன உருட்டல், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால் கையில் எது இருந்தாலும் வைத்துவிட்டு விரலைத் தூக்கிக் காத்திருந்து, அந்த இடம் வந்ததும், "இது நான்தான்" என்பார். நாங்கள் நம்பினோம். ஆனால் இசைத்தட்டு உறையில் அவர் பெயர் இல்லை, படத்தின் டைட்டிலிலும் இல்லை, அன்றைக்கு அவர் கையெழுத்துப் போட்ட வவுச்சர் எந்தக் குப்பையில் போனதோ. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாடல் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அவர்கள் பங்கு கைவிட்டுப் போகாமல் இருக்க ஒரு வழி பிறந்தது. மிகவும் சரி. ஆனால் வாத்தியம் வாசித்தவனுக்கு நடைமுறையில் அன்றைய கால்ஷீட் பணத்தோடு கணக்குத் தீர்ந்தது. அந்தப் பாட்டு இன்றைக்கும் டீக்கடைகளில் ஓடுகிறது. அவருடைய அந்த உருட்டல் இல்லாவிட்டால் சரணம் எப்படி எழும்பியிருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

போன முறை அந்தப் பக்கம் போயிருந்தேன். வாஹினி இருந்த இடத்தில் மால். ஆற்காடு ரோட்டில் மெட்ரோவுக்காக எழுப்பிய தூண்கள். பிரசாத்தை விட்டு இளையராஜாவும் 2021-ல் தனக்கென்று வேறு ஸ்டூடியோ திறந்துகொண்டு போய்விட்டார். எங்கள் வீடும் இடிந்து நாலு மாடி அடுக்ககம் ஆகிவிட்டது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியும் டிஷ் ஆண்டெனாக்களும். கொரோனாவில் கோயிலும் மண்டபமும் மூடிக் கிடந்தபோது, மிச்சமிருந்த குழுக்களில் எத்தனையோ பேர் வாத்தியத்தை விற்றுச் சாப்பிட்டார்கள். இப்போதும் டிரம்ஸ் கனவோடு பையன்கள் வருகிறார்கள், வராமல் இல்லை. தவணையில் செட் வாங்குகிறார்கள், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திப் பழகுகிறார்கள், போனில் படம் பிடித்துப் போடுகிறார்கள். காத்திருப்பது அப்படியேதான் இருக்கிறது. சேர்ந்து காத்திருக்க ஒரு பெஞ்சு மட்டும் இல்லை. புரட்டாசியில் சாம்பாரில் தண்ணீர் கூட்ட ஒரு வீட்டுக்காரம்மாவும் இல்லை.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் பிள்ளை ஒருவன் ஸ்டிக் வேண்டும் என்று கேட்டால் வாங்கிக் கொடுங்கள், தடுக்காதீர்கள். வாசிப்பதோடு நோட்ஸ் படிக்கவும், ஒவ்வொரு கச்சேரிக்கும் பேசின தொகையை எழுதி வாங்கவும் அவனுக்குச் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்குக் கச்சேரி வைத்தால், ரிதம் வாசித்தவர்களின் பணத்தை அவர்கள் கையிலேயே, அவர்கள் வேனில் ஏறும் முன்னால் கொடுக்கச் சொல்லுங்கள். மேடைக்குப் பின்னால் குனிந்து திருகு கழற்றிக்கொண்டிருப்பவரைத் தேடிப் போய், பந்தி முடிவதற்குள் சாப்பிட வரச் சொல்லுங்கள்.